மேவரிக்ஸுக்கு வாக்கு, கிளிப்பர்ஸுக்குக் கையெழுத்து

(விளையாட்டுக் கேள்வி – பதில். பதில் சொல்பவர், ஊட்டியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக் கூடைப்பந்து அணிகளுக்குப் பயிற்சி தந்தவர்.)

கேள்வி: சார், 2015-ல் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசி நிமிடத்தில் பழைய அணியான லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸிலேயே கையெழுத்துப் போட்ட கதையை இப்போதுதான் பார்த்தேன். ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் அணிகளோடு பேசும் காலத்தில்) வாயால் பேசி முடித்தாலே அது செல்லும் என்று, அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. விதி போட்டால் என்ன? வாக்குக்கு ஒரு மரியாதை வேண்டாமா?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: மரியாதை வேண்டும் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அதை விதியாக்கினால் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் நடைமுறை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களோடு மற்ற அணிகள் பேச்சைத் தொடங்கும் நேரம் இப்போது ஜூன் 30 மாலை 6 மணி, அமெரிக்கக் கிழக்குக் கரைக் கணக்கில். நமக்கு அது ஜூலை 1 விடிகாலை மூன்றரை. ஊட்டியில் அந்நேரம் கம்பளிக்கு வெளியே கையை நீட்டிப் போனை எடுப்பதே வீரச்செயல்! பேசலாம், தொகையை முடிக்கலாம், ஊருக்கே அறிவிக்கலாம். ஆனால் சில வகை ஒப்பந்தங்கள் தவிர மற்றவற்றில் ஜூலை 6 மதியம் வரை கையெழுத்துப் போட முடியாது. முடிந்த சீசனின் வருமானத்தைத் தணிக்கை செய்து, அதை வைத்து அடுத்த சீசனில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பை நிர்ணயிக்க லீக் எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. 2015-ல் இந்த இடைவெளி இன்னும் நீளம். ஜூலை 9 பிறந்தால்தான் பேனாவைத் திறக்கலாம்.

ஜோர்டன் ஜூலை 3 அன்று டல்லாஸுக்குச் சரி சொன்னார். நான்கு ஆண்டு, ஏறத்தாழ 8 கோடி டாலர். சில நாளில் அவர் மனசு தடுமாறுவது தெரிந்ததும் கிளிப்பர்ஸ் கோச் டாக் ரிவர்ஸ், கிறிஸ் பால், பிளேக் கிரிஃபின் என்று ஒரு பட்டாளமே ஹூஸ்டனில் இருந்த அவர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்த மாதிரி ஒரு படத்தை கிரிஃபின் ட்விட்டரில் போட, பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் கிளிப்பர்ஸோடு கையெழுத்து, நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8.8 கோடி. டல்லாஸின் அன்றைய உரிமையாளர் மார்க் கியூபனுக்கு ஜோர்டனிடமிருந்து ஒரு போன்கூடப் போகவில்லை. மன்னிப்பு பிறகுதான் வந்தது, அதுவும் ட்விட்டரில்.

இதே ஜோர்டனுக்கு 2011-ல் நடந்ததை யாரும் சொல்வதில்லை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவருக்கு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4.3 கோடி டாலர் தர முன்வந்தது. அவர் வாயால் சொல்லவில்லை, தாளில் கையெழுத்தே போட்டார். ஆனால் கிளிப்பர்ஸ் அதே தொகையைத் தருவதாகச் சொல்லி அவரைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டது; விதி அந்த உரிமையை அணிக்குக் கொடுத்திருந்தது. அதற்கும் முன்னால், 2008-ல், டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் தேர்வு) 35-வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது எந்த ஊருக்குப் போக ஆசை என்று யாரும் கேட்கவில்லை. ஆக, 2015 ஜூலையில்தான் அந்த மனிதர் முதல்முறையாகத் தன் இஷ்டத்துக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். ஏழு வருஷம் அணிகள் கையில் இருந்த முடிவு ஒரு வாரம் அவர் கைக்கு வரும்போது, முதல் நாள் சொன்ன 'சரி'யே கடைசி என்று பூட்டிவிடச் சொல்கிறீர்கள்.

அணிகளின் பக்கம் என்ன கதை? பேசி முடித்த பிறகும் மருத்துவப் பரிசோதனை பாக்கி இருக்கும். முழங்கால் ஸ்கேன் சரியில்லை என்றால் அணி பின்வாங்கும், அதை யாரும் துரோகம் என்பதில்லை. ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. இன்னொன்று, அதிகாரபூர்வ ஒப்பந்தத்தில் இல்லாத பேச்சு வார்த்தைகளை லீகே குற்றமாகப் பார்த்திருக்கிறது. 2000-ல் ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரரோடு மினசோட்டா அணி ரகசியமாக ஓர் உடன்பாடு வைத்திருந்தது வெளியே வந்ததும், லீகின் தலைவரான கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, அணியின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் பறித்தார். பிறகு 2004-ல் கிளீவ்லாண்ட். கார்லோஸ் பூசரை 7 லட்சம் டாலர் சம்பளத்தில் இன்னோர் ஆண்டு வைத்துக்கொள்ளும் உரிமை கையில் இருந்தும் அவரை விடுவித்தார்கள். பெரிய ஒப்பந்தத்தோடு திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தார் என்பது அணியின் கதை. கொடுக்கவே இல்லை என்பது அவர் கதை. அவர் யூட்டா ஜாஸுக்கு ஏறத்தாழ 7 கோடி டாலருக்குப் போய்விட்டார். அவருடைய ஏஜெண்டே விலகிக்கொண்டார். ஆனால் கிளீவ்லாண்ட் புகார் கொடுக்க முடியுமா? அப்படி முன்கூட்டிப் பேசி வைப்பதே விதிமீறல். வாக்கு வாங்கினோம் என்று சொன்னால் முதலில் மாட்டுவது வாங்கியவர்தான்.

சரி, பணக்கார உரிமையாளர்களை விடுங்கள். எனக்கு உறுத்துவது நடுவில் நிற்கும் மூன்றாவது ஆள். 2019-ல் மார்க்கஸ் மோரிஸ் இரண்டு ஆண்டுக்கு 2 கோடி டாலர் என்று சான் அன்டோனியோவுக்குச் சரி சொன்னார். அவருக்கு இடம் உண்டாக்க அந்த அணி டேவிஸ் பெர்டான்ஸை வாஷிங்டனுக்கு அனுப்பியது. பிறகு மோரிஸ் மனம் மாறி ஒரே ஆண்டுக்கு 1.5 கோடிக்கு நியூயார்க் போனார். பெர்டான்ஸ் பெட்டியைக் கட்டியது கட்டியதுதான். (வாஷிங்டனில் அவர் பிரமாதமாக ஆடி, அடுத்த ஆண்டே ஏறத்தாழ 8 கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் வாங்கியது வேறு விஷயம்.) டல்லாஸில் வெஸ்லி மேத்யூஸ் அப்படி நின்றார். ஜோர்டனோடு ஆடப்போகிறோம் என்ற நினைப்பில் வாக்குக் கொடுத்தவர் அவர். ஜோர்டன் போனதும், விரும்பினால் நீங்களும் விலகலாம் என்று கியூபன் சொன்னார். மேத்யூஸ் விலகவில்லை. மிச்சமான பணத்தில் அவர் ஒப்பந்தம் ஏறத்தாழ 7 கோடிக்கு உயர்ந்தது. சட்டம் எதுவும் இல்லாமலே நடந்த விஷயம் இது.

என்னைக் கேட்டால், வாயைக் கட்டுவதை விட்டுவிட்டுப் பேனாவைச் சீக்கிரம் திறக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரருக்குத் தரக்கூடிய உச்ச சம்பளமே அணியின் சம்பள உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதம் என்றுதான் விதி. அப்படியானால் தணிக்கை முடியும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் நாளே ஒரு பக்கத் தாளில் சதவீதத்தைப் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடலாம். அந்தத் தாள் இருந்தால் அணியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும், ஸ்கேனையும் அதற்கு முன்பே எடுத்துக்கொள்ளட்டும். தாள் இல்லையா, யாரும் யாரையும் திட்டக்கூடாது. ஜோர்டன் விவகாரத்துக்குப் பிறகு அடுத்த ஆண்டே லீக் இடைவெளியைக் குறைத்ததைப் பார்த்தால், கோளாறு எங்கே என்று அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

கேள்வி: நம் நாட்டில் வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும் என்று படித்திருக்கிறேன். பிறகு ஆட்டக்காரருக்கு மட்டும் என்ன சலுகை?
– வாசகி, குன்னூர்

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 10-வது பிரிவு: எழுத்தில் இருக்க வேண்டும் என்று வேறு சட்டம் கேட்காதவரை வாய்மொழியும் ஒப்பந்தமே. ஊட்டி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவியிடம் (பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் நல்ல பாயிண்ட் கார்டு, வாதமும் அப்படித்தான்) கேட்டேன். செல்லும் என்பது ஒன்று, நிறைவேற்ற வைப்பது இன்னொன்று என்றார். ஒருவருடைய சொந்தத் திறமையை நம்பிய வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்று கோர்ட் கட்டாயப்படுத்தாது. 1963-ம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட், 14-வது பிரிவு. நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். 1852-ல் லண்டனில் யோஹானா வாக்னர் என்ற பாடகி ஓர் அரங்கத்தோடு எழுதி ஒப்பந்தம் போட்டுவிட்டு இன்னோர் அரங்கத்துக்குப் போகப் பார்த்தார். அங்கே பாடக்கூடாது என்று தடை விதித்த கோர்ட், இங்கே வந்து பாடு என்று மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும், வேண்டா வெறுப்பாகப் பாடினால் யார் கேட்பது?

அமெரிக்காவில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஓர் ஆண்டுக்குள் நிறைவேற்றி முடிக்க முடியாத ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டம். ஜோர்டன் பேசியது நான்கு ஆண்டு.

கேள்வி: ஐயா, எங்கள் கேரட் தோட்டத்தை வியாபாரி பார்த்துவிட்டு மொத்தமாக விலை பேசிவிட்டுப் போவார். அறுப்புக்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இறங்கினால் போனை எடுக்க மாட்டார். நாங்கள் மட்டும் விலை ஏறினாலும் பேச்சு மாறக்கூடாது. அமெரிக்காவில் எப்படியோ, இங்கே வாய்ப்பேச்சைச் சட்டமாக்கினால் நல்லதுதானே?
– விவசாயி, கேத்தி

பதில்: உங்களுக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். கேரட் தரையில் கிடக்கிறது. நாள் தள்ளினால் வெடிக்கும், மழை பிடித்தால் அழுகும், கழுவ மெஷினுக்கும் ஆளுக்கும் சொல்லி வைத்த காசும் போகும். நஷ்டம் இன்ன தொகை என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். ஜோர்டன் வராததால் டல்லாஸ் எத்தனை ஆட்டம் தோற்றது என்று எந்தக் கணக்குப்பிள்ளை சொல்வார்? அவர்கள் மில்வாக்கியிலிருந்து ஜாஜா பச்சூலியாவை வாங்கிச் சமாளித்தார்கள். அதனால் உங்கள் விஷயத்தையும் அவர் விஷயத்தையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். நீங்கள் முன்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள், தொகையையும் அறுப்புத் தேதியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போனை எடுக்காதவரை அடுத்த முறை தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

கேள்வி: ஜோர்டனை இழந்த அதே மேவரிக்ஸ்தானே நம் சத்னம் சிங்கை எடுத்தது? அவர் ஆடினாரா?
– வாசகர், கூடலூர்

பதில்: அதே அணி, அதே கோடை. 2015 ஜூன் டிராஃப்டில் 52-வது ஆளாக, இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் ஆட்டக்காரராக அவரை எடுத்தார்கள். என்.பி.ஏ. சீசன் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை; கீழ்நிலை லீகில் டெக்சஸ் லெஜண்ட்ஸுக்கு ஆடினார். பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கோவையில் ஒரு கல்லூரி கோச் போனில், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட், ஹாஸ்டல் இலவசம் என்றார். இவனும் சரி என்று சொல்லிவிட்டான். இப்போது சென்னையில் ஒரு கல்லூரி சாப்பாட்டையும் சேர்த்துத் தருகிறோம் என்று கூப்பிடுகிறது. மாறினால் தப்பா சார்?
– ஒரு தாய், ஊட்டி

பதில்: மாறுவது தப்பில்லை அம்மா. ஆனால் முதலில் இரண்டு கோச்களுமே தங்களால் தர முடிந்ததைத்தான் சொல்கிறார்களா என்று பாருங்கள். சீட்டைத் தருவது நிர்வாகம், கோச் சிபாரிசு செய்பவர். போனில் கேட்ட வார்த்தையை நம்பி டிரங்குப் பெட்டியோடு மலை இறங்கி, கோட்டா முடிந்துவிட்டது என்ற பதிலோடு மறு பஸ்ஸில் ஏறி வந்த பையன்களை எனக்குத் தெரியும். கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் கேளுங்கள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். மிக முக்கியமாக, இரண்டாம் வருஷம் முழங்கால் போய்விட்டால் சலுகை தொடருமா என்பது இருக்க வேண்டும். பெற்றோர் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்காத வீடுகளில் பிறகு கடன் வாங்கிப் பீஸ் கட்டியிருக்கிறார்கள்.

சென்னைக் கடிதம் கைக்கு வந்து அதுதான் நல்லது என்று தோன்றினால், கோவை கோச்சிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். உங்கள் மகனுக்காக அவர் வேறொரு பையனிடம் இடமில்லை என்று சொல்லியிருப்பார். அந்தப் பையனும் எங்கோ ஓர் ஊரில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பான். வாட்ஸ்அப் மெசேஜ் போதாது. நீங்களோ அப்பாவோ பேச வேண்டாம், உங்கள் மகனே கூப்பிட்டுப் பேசட்டும். கோச் இரண்டு வார்த்தை திட்டுவார், கேட்டுக்கொள்ளட்டும்.