பணித்தளத்தில் மனம் சோர்ந்தால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் ஊழியம் செய்கிறேன். வந்த புதிதில் இருந்த உற்சாகம் இப்போது இல்லை. மாலை ஜெபத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் வருகிறார்கள். தனியாக ஜெபிக்க உட்கார்ந்தாலும் வார்த்தை வரவில்லை. ஊழியத்துக்கான தேவனுடைய அழைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டேனோ?

பதில்: தம்பி, அழைப்பைப் பற்றிய முடிவை இந்த நிலையில் எடுக்காதீர்கள். முதலில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனியுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, சாவு வந்தால் போதும் என்று எலியா தீர்க்கதரிசி கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்பினான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு 40 நாள் நடை அதற்குப் பிறகுதான்.

தனியாக இருக்கும் ஊழியர்கள் பலர் இரவில் டீயும் பிஸ்கட்டுமாக முடித்துக்கொள்கிறார்கள். சில வாரம் இப்படியே போனால், உடம்பின் தளர்ச்சி விசுவாசக் குறைவைப் போலத் தெரிய ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் காசு கொடுத்து இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். சாமைச் சோறோ களியோ, அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். பேச ஆளும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலைநாள். அதனால் திங்கட்கிழமையை ஓய்வுக்கு வையுங்கள்.

சொந்த வார்த்தை வராத காலத்தில் சங்கீதங்களை வாய்விட்டு வாசியுங்கள். காலையில் 2, மத்தியானம் 1, இரவில் 2. நீளமான 119-க்கு மட்டும் தனியாக ஒரு நாள் விட்டால், ஒரு மாதத்தில் 150-ம் முடிந்துவிடும். இதில் பலர் செய்யும் தவறு, 23, 91 போன்ற ஆறுதல் சங்கீதங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, புலம்பல் சங்கீதங்களான 13-ஐயும் 88-ஐயும் தாண்டிப்போவது. 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதுவும் ஜெபம்தான். சந்தோஷத்தை வலிந்து வரவழைக்கப் பார்த்தால் ஜெபம் நடிப்பாகிவிடும், பிறகு ஜெபிக்கவே பிடிக்காமல் போகும்.

வந்தவர்களின் எண்ணிக்கையைக் குறிப்பதை மூன்று மாதம் நிறுத்துங்கள். அன்றைக்குப் பேசியவர்களில் மூன்று பேரின் பெயரையும், அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதி வையுங்கள். மறுபடி பார்க்கும்போது அதை விசாரியுங்கள். மலைச்சனத்திடம் நம்பிக்கை இப்படித்தான் மெல்ல வளரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூக்கம், பசி, எதிலும் நாட்டம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால் டாக்டரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் வேலூரை ஒட்டிய பாகாயத்தில்தான் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். மருந்து எடுப்பது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் போன்றவர்கள் எல்லாக் கஷ்டத்திலும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று கேள்விப்படுகிறோம். நமக்கு ஏன் முடியவில்லை? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: உங்கள் ஊரில் 1870-ல் பிறந்தவர் அவர். 1900-ல் டாக்டராக வேலூருக்கு வந்தார். அதே ஆண்டில் தந்தையை இழந்தார். தொடக்கத்தில் நோயாளிகள் அவரிடம் வரவே தயங்கினார்கள். வீட்டில் ஒரே ஒரு படுக்கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-ல் வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான். அவர் வந்து 18 ஆண்டு கழித்து! இன்றைய பெரிய வளாகத்தைப் பார்த்துவிட்டு நம் முதல் ஆண்டோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அவருடைய முதல் ஆண்டோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, அவர் தனி ஆளாக இல்லை. தோழி ஆனி ஹான்காக் வேலூர்ப் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் பழகி ஊழியம் செய்தார். துணையில்லாமல் ஒருவரைப் பணித்தளத்துக்கு அனுப்பும் சபைகள் இதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: மகள் ஜார்க்கண்டில் ஊழியம் செய்கிறாள். போனில் அழுகிறாள், அடிக்கடி காய்ச்சல் என்கிறாள். திரும்பி வந்துவிடு என்று சொல்லலாமா? (ஒரு தாய், குடியாத்தம்)

பதில்: அம்மா, முதலில் காய்ச்சலைப் பார்ப்போம். அங்கே காட்டுப் பகுதிகளில் மூளையைத் தாக்கக்கூடிய மலேரியாவும் உண்டு. காய்ச்சல் கண்ட 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விடுவதுதான் ஊழியர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சூடு இறங்கும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். மலேரியா என்று தெரிந்தால், குணமானதுபோல இருந்தாலும் கொடுத்த மாத்திரை முழுவதையும் முடிக்க வேண்டும். மருந்தில் தோய்த்த கொசுவலையைப் பாயின் அடியில் செருகிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

அழுகைக்கு முதல் ஆண்டில் பெரும்பாலும் மொழிதான் காரணம். நாள் முழுக்க அரைகுறையாகப் பேசி, அரைகுறையாகப் புரிந்துகொண்டவளுக்குத் தமிழ்க் குரல் கேட்டதும் கண்ணீர் வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் நேரம் குறித்துப் பேசுங்கள். அவள் அழுது முடிக்கும்வரை புத்தி சொல்லாதீர்கள். பிறகு என்ன சாப்பிட்டாய், இன்று யாரோடு பேசினாய் என்று கேளுங்கள். வீட்டு மிளகாய்த்தூள், புளி, கருவாடு அனுப்புங்கள். ஆனால் வைத்தியத்துக்கு வழியில்லை, உடன் ஒரு பெண் துணையில்லை, பொறுப்பாளர்களிடம் சொல்லியும் கேட்கவில்லை என்றால், தயங்காமல் அழைத்து வாருங்கள். உடம்பு தேறியபின் வேறு பணித்தளம் போகலாம்.

கேள்வி: ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தில் கஷ்டத்தை எழுதினால் விசுவாசம் இல்லை என்று நினைப்பார்களா?

பதில்: சிறையிலிருந்து பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தைப் பாருங்கள். சந்தோஷமாயிருங்கள் என்று சொல்லும் அதே நிருபத்தில், உடன் ஊழியரான எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததையும், அவர் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். நீங்களும் எழுதலாம். ஒரு பக்கம் போதும். ஒரு கஷ்டம், ஒரு நன்றி, ஒரு தேவை. தேவையை ரூபாயோடு எழுதுங்கள். 'உதவி தேவை' என்று பொதுவாக எழுதினால் யாரும் அனுப்பமாட்டார்கள். கிராமத்தாரின் பெயரும் படமும் மட்டும் வேண்டாம்.