99 சதவீதம் வாங்கிய மாடல் வங்கியைப் போலி என்கிறதே?

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக, ஃபிஷிங் தளங்களை, அதாவது பாஸ்வேர்டைத் திருடும் போலித் தளங்களைக் கண்டுபிடிக்க ஒரு டீப் லேர்னிங் மாடல் செய்திருக்கிறேன். இணைய முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சிஎன்என் (ஒரு வகை நியூரல் நெட்வொர்க்). சோதனையில் 99 சதவீதத் துல்லியம். ஆனால் என் வங்கியின் லாகின் முகவரியைக் கொடுத்தால் போலி என்கிறது. எங்கே தவறு?

பதில்: மாடல் பாவம், கொடுத்ததை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. போலி முகவரிகளை, அவற்றைத் திரட்டி வைக்கும் ஃபிஷ்டேங்க் தளத்திலிருந்தும், நல்லவற்றைப் பிரபல தளங்களின் பட்டியல் ஒன்றிலிருந்தும் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை example.com மாதிரி வெறும் டொமைன் பெயர்கள். ஃபிஷ்டேங்கில் இருப்பவையோ சாய்கோடும் கேள்விக்குறியுமாக நீண்டு கிடக்கும் முழு முகவரிகள். சாய்கோடு இருந்தால் போலி என்று கற்றுக்கொண்டாலே நல்ல மார்க் வாங்கிவிடலாம். நல்ல முகவரிகளின் முன்னால் எச்டிடிபிஎஸ் என்று நீங்களே ஒட்டியிருந்தால் அதையும் மோப்பம் பிடித்திருக்கும்.

நீளம், சாய்கோடுகளின் எண்ணிக்கை, இந்த இரண்டை மட்டும் வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய மாடலைப் போட்டுப் பாருங்கள். அதுவே 90 சதவீதத்தைத் தாண்டினால் உங்கள் சிஎன்என் பெரிதாக ஒன்றும் கற்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நல்ல தளங்களுக்கு உள்ளே போய் லாகின், பணம் கட்டுதல், தேடல் பக்கங்களின் முகவரிகளைத் திரட்டுங்கள். ஒரே டொமைன் பயிற்சியிலும் சோதனையிலும் வரக் கூடாது. அப்புறம், தரவைக் குலுக்கிப் பிரிக்காமல் தேதிப்படி பிரியுங்கள்: பழையதில் பயிற்சி, புதியதில் சோதனை. மோசடிக் கும்பல்கள் ஒரே அச்சில் வரிசையாக முகவரிகளை வார்ப்பவர்கள். குலுக்கிப் பிரித்தால் கேள்வித்தாள் முதல் நாளே கையில் கிடைத்த மாதிரி.

துல்லியம் என்ற ஒரே எண்ணையும் நம்பாதீர்கள். 10,000 பக்கங்களில் 10 போலி என்று வைத்துக்கொள்வோம். நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகப் பிடித்தாலே ஏறக்குறைய 100 பொய் எச்சரிக்கை. இதை பிரவுசர் எக்ஸ்டென்ஷனாகக் கொடுத்தால் மறுநாளே தூக்கிவிடுவார்கள்.

முகவரியை மட்டும் பார்த்தால், ஹேக் செய்யப்பட்ட நல்ல தளத்தில் ஒளிந்திருக்கும் போலிப் பக்கம் தப்பிவிடும். நேரமிருந்தால் 2021இல் வெளிவந்த ஃபிஷ்பீடியா என்ற ஆய்வின் வழியைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் லோகோவைத் தேடி, இரண்டு படங்களை ஒப்பிடும் சயாமீஸ் நெட்வொர்க்கால் அது யாருடையது என்று கண்டுபிடித்து, டொமைனும் அவர்களுடையதுதானா என்று சரிபார்க்கும்.

தரவை மாற்றியதும் 99 கண்டிப்பாக இறங்கும். வைவாவில் ஏன் இறங்கியது என்று கேட்டால் இந்தச் சாய்கோட்டுக் கதையை அப்படியே சொல்லுங்கள்.