வாசகர் கேள்வி பதில்: காம்பராவும் கூட்டாளிகளும்

கேள்வி: தேயிலைத் தோட்டத்து லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் நாங்கள் ஆறு பேர். அடுத்த வருடம் எனக்கு சாதாரண தரப் பரீட்சை. பொழுதுபட்டால் டீவி, பக்கத்துக் காம்பராவில் சண்டை. "படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும்" என்கிறார் அப்பா. உண்மையா?
– மாணவி, பொகவந்தலாவை

பதில்: பாதிதான் உண்மை, மகள். நியூயோர்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பாடசாலையைப் பற்றி 1975இல் ஓர் ஆய்வு வந்தது. பாதைப் பக்க வகுப்புகளில் இருந்த பிள்ளைகள், அதே கட்டிடத்தின் அமைதியான பக்கத்தில் இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்து, வகுப்புக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பலகை அடித்தார்கள். இடைவெளி மறைந்துவிட்டது. பிள்ளைகளின் மூளையில் யாரும் கை வைக்கவில்லை.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. தகரத்தில் விழும் மழை பெரிதாகக் கெடுக்காது. விளங்குகிற பேச்சுத்தான் வாசிப்பைக் கெடுக்கும். நாடக வசனம் காதில் விழுந்தால் பாடத்தோடு அதுவும் சேர்ந்து ஓடும். சேலையைத் திரையாகக் கட்டினால் கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு இல்லை. பஞ்சு வைத்தும் பெரிய பயனில்லை. பாமசியில் விற்கும் ஸ்பொஞ்ச் காதடைப்பான் ஓரளவு உதவும்.

ஆகவே நேரத்தை மாற்றிப் பாருங்கள். மூன்று நாளைக்கு, அரை மணிக்கொரு தடவை காம்பராவில் என்ன நடக்கிறது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். பாடசாலை விட்டு வந்ததிலிருந்து அம்மா வேலை முடிந்து தேயிலை மலையிலிருந்து இறங்கும்வரை பெரும்பாலும் அமைதிதான். அந்த நேரம்தான் தூக்கத்திலும் போனிலும் போகிறது. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அங்கே வையுங்கள். டீவி ஓடும்போது தேசப்படம் குறிப்பது, குறிப்பைத் திருத்தி எழுதுவது மாதிரியான வேலை போதும். அம்மா ரொட்டி தட்ட எழும்பும்போது நீங்களும் எழும்பினால் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் நேரம்) முன் இன்னொரு மணித்தியாலம் கிடைக்கும். ஆனால் இரவு பத்துக்குள் படுக்க முடியாதென்றால் அதைத் தொடங்கவே வேண்டாம். கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படித்தால் நம் குளிருக்குப் பத்து நிமிடத்தில் கண் சொக்கிவிடும். கதிரையில் இருந்து, காலுக்கடியில் ஒரு சாக்கைப் போடுங்கள். வலது கையால் எழுதுபவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும்; இல்லாவிட்டால் கை நிழல் எழுத்தில் விழும்.

அடுத்தது கூடப் படிக்கும் ஆட்கள். தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா பொழுதுபட்ட பிறகு பூட்டித்தான் கிடக்கும். பெற்றோர் மூன்று நான்கு பேர் கையெழுத்திட்டு தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கலாம். எந்தெந்த நாட்கள், எத்தனை மணிவரை, சாவிக்குப் பொறுப்பான பெரியவர் யார், லைட் பில்லை யார் கட்டுவது என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கவேண்டும். வெறுமனே "இடம் தாருங்கள்" என்றால் மறுப்பது சுலபம். கிடைக்காவிட்டால் கோயில் மண்டபத்தைக் கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், கதைதான் வளரும். 50 நிமிடம் வாய் திறக்காமல் கடந்தகால வினாத்தாள், பிறகு 10 நிமிடம் சந்தேகம். இப்படிப்பட்ட குழுக்கள் சில கிழமைகளிலேயே உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், எல்லாரும் வரட்டும் என்று காத்திருப்பது. இரண்டு பேர் வந்தாலே தொடங்குவது என்று முதல் நாளே பேசிவையுங்கள்.

கேள்வி: பெக்டரியில் வேலை. பத்தாம் தேதி சம்பளம் கைக்கு வந்தால் கூட்டாளிகளோடு தண்ணிதான். நிறுத்த நினைக்கிறேன். ஆனால் அவர்களை விட முடியாது.
– வாசகர், நோர்வூட்

பதில்: விடவும் வேண்டாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பாடை கட்ட வருவது அவர்கள்தான். "கூட்டாளிகளை வெட்டிவிடு" என்ற அறிவுரை கொழும்பில் செல்லுபடியாகலாம். ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஆகாது.

1950களில் சொலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். கோடுகளின் நீளத்தைப் பார்த்துச் சொல்லும் சுலபமான வேலை. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே பிழையான விடை சொன்னபோது, அது தெரியாமல் கூட இருந்தவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து பிழைவிட்டார். சரியாகச் சொல்லும் ஒரே ஓர் ஆளைக் கூட்டத்தில் சேர்த்ததும் அந்தப் பிழை நான்கில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. உங்கள் கூட்டத்திலும் மனதுக்குள் குறைக்க நினைக்கும் இன்னொருவர் இருக்கக்கூடும். ஒன்பதாம் தேதியே அவரோடு தனியாகக் கதையுங்கள்.

சம்பளத்தை முதலில் வீட்டில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கையில் தேத்தண்ணிக் காசு மட்டும் இருக்கட்டும். கிளாஸை நீட்டினால் சொல்வதற்கு ஒரே வசனத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: "இன்னைக்கு வேணாம் மச்சான், எனக்கு டீ சொல்லு." காரணம் சொல்லவேண்டாம், காரணம் சொன்னால் அதை உடைக்க ஒருவர் வருவார். "மருந்து குடிக்கிறேன்" என்ற பொய்க்கு ஒரு கிழமைதான் ஆயுள். இரண்டாவது போத்தல் திறக்குமுன் எழும்பிவிடுங்கள்.

ஒன்று முக்கியம். தினமும் குடிப்பவராக இருந்து, காலையில் கை நடுங்கி வியர்க்கிறதென்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்புக்கூட வரலாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் முறையில் குறையுங்கள்.

கேள்வி: மகனுக்குப் பதினைந்து வயது. சேர்க்கை சரியில்லை. தடுத்தால் ஒளித்துப் போகிறான்.
– தாய், பசறை

பதில்: தடுப்பதை நிறுத்தி, அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள், அம்மா. பாதிப் பேர் நீங்கள் பயந்த மாதிரி இருக்கமாட்டார்கள். மகன் அங்கே தேடிப்போவது என்ன என்றும் அப்போது தெரியும். பந்தா, போனா, தன்னை ஆளாக மதிக்கும் ஒருவனா? அது வேறு இடத்திலும் கிடைக்கவேண்டும். வொலிபோல் அணி, காமன் கூத்துக்கு ஆடும் குழு, தப்படிக்கும் அண்ணன்மார் என்று வயதில் மூத்தவர்களும் கலந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

கேள்வி: உயர்தரம் முடித்துவிட்டேன். தோட்டத்தில் எங்கள் டிவிசனில் (பிரிவில்) அதற்குமேல் படித்தவர் யாருமில்லை. யாரிடம் கேட்பது?
– வாசகி, லிந்துலை

பதில்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததே. அமெரிக்க ஆய்வாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் இதை எண்ணிக்கையாகக் காட்டினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அடிக்கடி சந்தித்தவர்கள் 100க்கு 17 பேர் அளவுதான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் முகம்.

அப்படி ஒரு பத்துப் பேரை எழுதுங்கள்: பழைய வகுப்பாசிரியர், டவுன் நூலகத்தில் இருப்பவர், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. "எனக்கு உதவுங்கள்" என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. "என் பாடங்களுக்கும் இசட் புள்ளிக்கும் நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியில் எந்தப் பல்கலைக்கழகப் பாடநெறி கிடைக்கும்?" என்று கேளுங்கள்; பதில் தெரியாவிட்டாலும் தெரிந்தவரைக் காட்டுவார்கள். விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் வரும் அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். நூலகத்தில் பார்த்து, விண்ணப்ப முடிவுத் தேதியை உடனே குறித்துக்கொள்ளுங்கள். யாரைச் சந்திக்கப் போனாலும் பெறுபேற்றின் போட்டோக்கொப்பி பையில் இருக்கட்டும்.