சீசன் ஆட்களின் யூசர் அக்கவுண்ட்டை ஜாங்கோவில் கோட் மூலம் நிர்வகிப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு, பைத்தான் மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஸ்டாக் மென்பொருள், சீசனுக்கு மட்டும் வரும் எடை மேடை ஆட்களுக்கு லாகின் கொடுத்து, சீசன் முடிந்ததும் அதைக் கோடிலேயே நிறுத்த வேண்டும், அதுதானே கேள்வி?

ஆளுக்கு ஆள் அனுமதி கொடுக்காதீர்கள், பத்து பேர் மாறினாலே எது யாருக்கு என்று தெரியாமல் போய்விடும். எடை, கிடங்கு, கணக்கு என்று குரூப் போட்டு, அனுமதியை குரூப்புக்குக் கொடுத்துவிட்டு ஆளை அதில் சேர்த்தால் போதும். அக்கவுண்ட்டை 'கிரியேட் யூசர்' ஃபங்ஷன் வழியாகவே உருவாக்குங்கள், அதுதான் பாஸ்வேர்டை ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவில் மாற்றி வைக்கும்.

சீசன் முடிந்தால் தயவுசெய்து டெலிட் செய்யாதீர்கள். அவர் போட்ட எடைச் சீட்டெல்லாம் அந்த யூசரோடு இணைந்திருக்கும், அந்த இணைப்பில் 'கேஸ்கேட்' விதி வைத்திருந்தால் அவையும் சேர்ந்தே அழிந்துவிடும், அப்புறம் மாங்காய் போட்ட விவசாயிக்கு என்ன கணக்கு காட்டுவீர்கள்? யூசரின் 'இஸ் ஆக்டிவ்' என்ற ஃபீல்டை ஃபால்ஸ் ஆக்கினாலே போதும். ஜாங்கோவின் வழக்கமான லாகின் முறையில் அவர் உள்ளே வர முடியாது, ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனும் செல்லாது.

பட்டனை மறைத்தால் பாதுகாப்பு வந்துவிடாது, ஒவ்வொரு வியூவிலும் (பக்கக் கோரிக்கைக்குப் பதில் தரும் கோட்) சர்வர் பக்கம் அனுமதியைச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, அனுமதி ஒருமுறை சரிபார்க்கப்பட்டதும் அந்த யூசர் ஆப்ஜெக்ட்டிலேயே கேஷ் ஆகிவிடும், அதாவது பழைய விடையே நினைவில் நிற்கும், அதனால் குரூப்பை மாற்றியவுடன் சோதிப்பதாக இருந்தால் யூசரை டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.