ஜப்பானிய மொழியில் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது?

யாரிடமோ சொல்லப்போகிறீர்கள், நாள்கூடக் குறித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அகராதியைப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன்.

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது குளிர்காலம். மொழித் தேர்வில் மூன்றாம் நிலை தேறிய திமிர் வேறு. ரயில் நடைமேடையில், உடன் வேலை பார்த்தவரிடம் 'வதாஷி வா அனதா ஓ அய்ஷிதே இமாஸ்' என்றேன். இலக்கணத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது. அவர் கையில் இயந்திரத்தில் வாங்கிய சூடான சோள சூப் டப்பா. அடியில் ஒட்டியிருந்த சோள மணிகளுக்காக அதைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார். கேலியில்லை, உண்மையான கவலை.

'அய்ஷிதெரு' அவ்வளவு கனமான சொல். அதை ஒரு முறைகூடச் சொல்லிக்கொள்ளாத தம்பதிகள் அங்கே ஏராளம். பாட்டில் வருகிறதே என்பீர்கள். நம் பாட்டில் வருவதையெல்லாம் நாம் வீட்டில் பேசுகிறோமா? 'நான்', 'உன்னை' இரண்டும்கூட வேண்டாம். 'ஸுகி தெஸ்', அதாவது 'பிடிக்கும்'. யாருக்கு யாரை என்பது தானே விளங்கும். அதோடு 'ட்சுகிஅத்தே குதசாய்', என்னோடு பழகுங்கள் என்று கேட்டுவிட வேண்டும். இந்தச் சடங்குக்குக் 'கொகுஹாகு' என்று பெயர். ஒசாகா பக்கம் 'ஸுகியானென்' என்பார்கள் என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும்.

'நிலா அழகாக இருக்கிறது' என்றாலே போதும், நாவலாசிரியர் நட்சுமே சோசெகி 'ஐ லவ் யூ'வை அப்படித்தான் மொழிபெயர்க்கச் சொன்னார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் எழுத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 1916இல் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துக் கிளம்பிய கதை அது.

அன்பை வாய்விட்டுச் சொல்லாத ஊரில் நன்றியை மட்டும் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார்கள். நான் குடிபோன வீட்டுக்கு 'ரெய்கின்', அதாவது நன்றிப் பணம் என்று ஒரு மாத வாடகை. முன்பணமாவது திரும்பி வரும், இது வராது. எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. இருக்கட்டும்.

பிப்ரவரி 14 வந்தது. அங்கே அன்று பெண்கள்தான் சாக்லேட் கொடுப்பார்கள். ஆண்கள் மார்ச் 14இல் திருப்பிச் செய்ய வேண்டும். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு மரியாதைக்குக் கொடுப்பது 'கிரி சோகோ', கடமைச் சாக்லேட். மனத்துக்குப் பிடித்தவருக்கு என்றால் 'ஹொன்மெய்'. அன்று சூப் டப்பாவைத் தட்டியவர் என் மேசையிலும் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். கடமைதான் என்று நானாகவே முடிவுகட்டி, தாராளமாகப் பிரிவு முழுக்கப் பங்கிட்டேன். மார்ச் 14 அன்று ஒன்றும் கொடுக்கவில்லை. ஏப்ரலில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

பெட்டியில் ஒன்பது உருண்டைகள். ஒன்றின் அளவில் இன்னொன்று இல்லை. கடையில் வாங்கியவை அப்படி இருக்காது என்பது உறைக்க எனக்கு மே மாதம் ஆயிற்று.