ஏடிஹெச்டி இருக்கிற ஆறு வயது மகனுக்கு டிபிடி பூஸ்டர் போடலாமா? வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள், தங்கைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறோம்

போடுங்கள். பையனுக்கும் போடுங்கள், தங்கைக்கும் போடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. மருந்துக் கம்பெனிக்கு வேண்டியவளும் இல்லை, அப்படி யாராவது கீழே எழுதுவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறேன். ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல், அடங்காத துறுதுறுப்போடு இருக்கிற குறைபாடு உள்ள ஒரு பையனை ஒன்பதாம் வகுப்பு வரை கொண்டு வந்திருக்கிற அம்மா. உங்கள் கேள்வியில் "வீட்டுப் பெரியவர்கள்" என்ற இடத்தைப் படித்ததும் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஊசியைப் பற்றிய பயம் பாதிதான். மீதிப் பாதி, "பிள்ளை இப்படி இருப்பதற்கு யார் காரணம்" என்ற பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்தில் எப்போதும் அம்மாதான் நிற்க வேண்டியிருக்கும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க மணல்வாரி என்கிற தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் பள்ளிகளில் ஊசி போட்டார்கள், ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயது வரை. வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோக்களைக் கேட்டுவிட்டுப் பெற்றவர்கள் பின்வாங்கியதில் முகாமை மார்ச் வரைக்கும் நீட்டினார்கள். என் பையன் அப்போது யூகேஜி. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு நாள் கை வலி, அவ்வளவுதான். 2019-ல் அவனுக்கு ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்னதும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த ஊசி ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது மகளுக்கு இரண்டாவது எம்ஆர் ஊசி (அதே தட்டம்மை, ரூபெல்லா ஊசிதான்) போட வேண்டிய நேரம். அத்தை, அதாவது என் மாமியார், என்னிடம் பேசவில்லை, என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள்: "ஊசியப் போட்டுத்தான் பெரியவன இப்படி ஆக்கி வச்சிருக்கிய. சின்னவளையாவது விட்டு வைங்கடா." இவரும் பதில் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

நான் பீரோவிலிருந்து அவனுடைய எல்கேஜி டைரியை எடுத்துக் கொண்டு வந்து வைத்தேன். 2015-ல் மிஸ் எழுதியது. இடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளையின் டப்பாவைத் திறக்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஊசி போட்டது அதற்குப் பிறகுதானே என்று கேட்டேன். அத்தை வாங்கிப் படித்தார்கள். உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பேச்சு அதோடு குறைந்தது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிபிடி என்பது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது. அதன் இரண்டாவது பூஸ்டர் ஐந்து, ஆறு வயதில் வருகிறது. பிள்ளையை முதல் முறையாக மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காரச் சொல்கிற வயதும் அதுதான். வீட்டில் ஓடிக்கொண்டிருந்தவரை "துறுதுறுப்பு" என்றோம். பள்ளியில் உட்கார வைத்ததும் குறை வெளியே தெரிகிறது. இரண்டும் ஒரே வருடத்தில் நடப்பதால் ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று தோன்றிவிடுகிறது. ஏடிஹெச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது. எங்கள் பையனைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "வீட்டில் வேறு யார் சின்ன வயதில் இப்படி?" என்பது. அத்தையே இவருடைய சின்ன வயதுக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

அடுத்து இவருடைய நண்பர் ஒருவர் பாதரசம், அலுமினியம் என்று நீளமாக ஒரு செய்தி அனுப்பினார். நம் அரசு போடும் டிபிடியில் பாதரசக் கலவையான தையோமெர்சலும் அலுமினிய உப்பும் சிறு அளவில் இருப்பது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2007-ல் அமெரிக்காவில் ஏழு முதல் பத்து வயது வரை 1,047 பிள்ளைகளைக் கூப்பிட்டு, கவனம், பேச்சு, நினைவாற்றல் என்று 42 அளவைகளில் பார்த்தார்கள். தையோமெர்சல் கெடுதல் செய்ததாக நம்ப இடமில்லை என்பதுதான் முடிவு. அலுமினியத்துக்கு 2025-ல் டென்மார்க் ஆய்வு வந்தது. 12 லட்சம் குழந்தைகளை வைத்து 50 நோய்களுக்குக் கணக்குப் பார்த்தார்கள், அந்தப் பட்டியலில் ஏடிஹெச்டியும் உண்டு. ஆபத்து கூடவில்லை. 1998-ல் 12 குழந்தைகளை வைத்து எம்எம்ஆர் ஊசிக்கும் (எம்ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவது) ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய டாக்டரின் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. அது ஏடிஹெச்டியைப் பற்றியதே இல்லை, ஆனாலும் நம் குடும்பக் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது.

ஊசியால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. அதன் பிறகுதான் கிராமத்துக்கு வந்து போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட ஆரம்பித்தார்கள். உங்கள் பையனுக்கு முன்பு ஊசி போட்டபோது வலிப்பு வந்திருந்தாலோ, மூச்சுத் திணறியிருந்தாலோ முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். அது வேறு விஷயம். ஏடிஹெச்டி இருப்பது ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. மாத்திரை சாப்பிடுகிறான் என்றாலும் அதைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் பேச்சை முடித்து வைத்தது ஆராய்ச்சி இல்லை, ஒரு ஜன்னல் கம்பி. பையன் பாதி இடித்த வீட்டின் சுவரில் ஏறி விழுந்து, துருப்பிடித்த கம்பி அவன் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அத்தைதான் முதலில் பதறினார்கள்: "ஏட்டி, உடனே ஒரு டிடி ஊசி போட்டுரு!" நம் ஊரில் டிடி ஊசிக்கு யாருமே பயப்படுவதில்லை, ஆணி குத்தினால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவித் தைத்த டாக்டர், அட்டையைப் பார்த்து பூஸ்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அங்கேயே அத்தையிடம் சொன்னேன், டிபிடியில் கடைசியாக இருக்கிற "டி" ரணஜன்னிக்கானதுதான், நீங்கள் கேட்ட அதே மருந்துதான் என்று. நம் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிட அதிகம் விழுகிறவர்கள், யோசிக்காமல் குதிக்கிறவர்கள். அவர்களுக்கு இது இன்னும் கட்டாயம். பத்து வயது ஊசிக்கு அத்தையே ஞாபகப்படுத்தினார்கள்.

கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்கவும். ஊசி மேல் இவ்வளவு சந்தேகப்படுகிற சொந்தக்காரர்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் வந்து இந்தப் பிள்ளைக்காகப் பேச மாட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டுப் போனால் "சான்றிதழ் இருக்கா" என்கிறார்கள். வினாத்தாளைப் பாதியில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் லேப் பக்கம் வேடிக்கை பார்க்கிறவனுக்கு அந்த நேரம் எவ்வளவு பெரியது! அதைக் கேட்க எனக்குத் தெரிந்து ஒரு சங்கம் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் ஆடியோகூட வருவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். காலையில் முதல் ஆளாகப் போங்கள், வரிசையில் நிற்பதுதான் இவர்களுக்குக் கஷ்டம். "ஊசி இல்லை, சும்மா பார்க்கப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஓடிவிடுவான். ஒரு நிமிடம் வலிக்கும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மடியில் உங்களைப் பார்த்தபடி உட்கார வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், நாலு பேர் கையைக் காலை அமுக்க விடாதீர்கள். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு அவனுக்குப் பிடித்த பொருள் ஏதாவது பையில் இருக்கட்டும். இரவு காய்ச்சல் வந்தால் எடைக்கு எவ்வளவு பாராசிட்டமால் என்று சிஸ்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கை இரண்டு நாள் வீங்கியிருக்கலாம்.

தங்கைக்கு விட்டுப்போனதை முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டு போங்கள். எம்ஆர் ஐந்து வயது வரை போடுவார்கள். டிபிடி ஏழு வயது வரைதான், உங்கள் பையனுக்கு ஆறு ஆகிவிட்டது. வருகிற புதன்கிழமையே போய்விடுங்கள்.