பூக்கடைச் சண்டை: ஸ்மாப் பாடல்கள் பற்றிய கேள்வி பதில்

ஜப்பானின் ஆண்கள் பாப் குழுவான ஸ்மாப்பின் பாடல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். யார் யாரைக் காதலித்தார், குழு ஏன் கலைந்தது என்ற வம்புக்கு இங்கே இடமில்லை என்றும் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அதுதான். அவற்றை ஒதுக்கிவிட்டு மீதிக்கு வருகிறேன்.

கேள்வி: ஸ்மாப் என்பது எதன் சுருக்கம்?

ஸ்போர்ட்ஸ், மியூசிக், அசெம்பிள், பீப்பிள். இலக்கணம் தேட வேண்டாம், கிடைக்காது.

கேள்வி: இவர்களில் பலருக்குப் பாடவே வராது என்கிறார்களே. பிறகு எப்படி 25 ஆண்டுகள் நிலைத்தார்கள்?

குழுத் தலைவர் நகாய் மசாஹிரோவின் சுருதி விலகலை மேடையில் அவரே கேலி செய்துகொண்டதுண்டு. எனவே நானும் மறைக்கப் போவதில்லை. ஆனால் 1991 செப்டம்பரில் அவர்களின் முதல் இசைத்தட்டு வந்த காலத்தைப் பாருங்கள். வாராவாரம் பாடகர்களை வீட்டுக்குள் கொண்டுவந்த 'தி பெஸ்ட் டென்' தொலைக்காட்சி நிகழ்ச்சி 1989இலேயே நின்றுவிட்டது. பளபளக்கும் உடையில் ஆடிப்பாடும் இளைஞர்களுக்கு இருந்த மவுசும் இறங்கிக்கொண்டிருந்தது. பாட மேடை இல்லாததால் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குப் போனார்கள், அடிபட்டார்கள், அசடு வழிந்தார்கள். மக்களுக்கு முகங்கள் பழகின. பாட்டு பிறகுதான் பிடித்தது.

இன்னொரு காரணம், பெரும்பாலான பாடல்களை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலாகப் பாடியது. தனித்து மின்னும் குரல் இல்லாததால் கேட்பவர் தன் குரலையும் நடுவில் நுழைத்துக்கொள்ளலாம். ஒசாகாவில் வேலை பார்த்த நாட்களில் அலுவலக விருந்து முடிந்து கரோக்கே அறைக்குப் போனால், பாடவே மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் மேலாளர்கூட இவர்கள் பாட்டுக்கு வாய் திறப்பார். பின்னணி வாசிப்பு மட்டும் சாதாரணமல்ல. தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஆல்பங்களில் மைக்கேல் பிரெக்கர், ஒமர் ஹக்கீம் போன்ற நியூயார்க் கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். குரலை ஒதுக்கிவிட்டு டிரம்ஸை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

'யோஸோரா நோ முகோ'. இரவு வானத்துக்கு அப்பால் என்று பொருள். 1998 ஜனவரியில் வந்தது. வரிகள் சுகா ஷிகாவோ, இசை கவாமுரா யுகா. விற்பனையில் பத்து லட்சத்தைத் தாண்டிய இவர்களின் முதல் சிங்கிள், அதாவது தனிப்பாடல் தட்டு, இதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் யமாய்ச்சி என்ற பெரிய பங்குத் தரகு நிறுவனம் கவிழ்ந்திருந்தது. ஆயுள் முழுக்க ஒரே வேலை என்று நம்பியவர்கள் திகைத்து நின்ற நேரம். அன்று கனவு கண்ட எதிர்காலம் இதுதானா என்று இந்தப் பாட்டு மெதுவாகக் கேட்கிறது. உற்சாகப்படுத்துவதற்கென்றே இருந்த ஒரு குழு அப்படித் தயங்கிப் பாடியது பலரைத் தொட்டது.

கேள்வி: 'செலரி' காய்கறிப் பாட்டா?

வெவ்வேறு சூழலில் வளர்ந்த இருவர் சேர்ந்து வாழும் பாட்டு. ஒருவருக்குப் பிடிப்பது மற்றவருக்குப் பிடிக்காது, அதற்குத்தான் செலரி. முதலில் பாடியவர் யமசாகி மசாயோஷி. 1997இல் இவர்கள் பாடினார்கள்.

கேள்வி: முதலில் எந்தப் பாட்டைக் கேட்பது?

இரண்டு கேள்விகளுக்கு மேலே இருக்கிறது.

கேள்வி: ஆறாவது ஆள் எங்கே போனார்?

ஆறு பேராகத் தொடங்கிய குழுவிலிருந்து மோரி கத்சுயுகி 1996இல் விலகி மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஆனார்.

கேள்வி (ஓர் ஆசிரியை): 'உலகில் ஒரே ஒரு பூ' பாட்டு, முதலிடம் வேண்டாம், நீ நீயாக இருந்தால் போதும் என்கிறது. மாணவர்களை இது சோம்பேறி ஆக்காதா?

முதலில் ஓர் எச்சரிக்கை. 2002 ஆல்பத்தில் வந்த பதிப்பு வேறு, 2003 மார்ச்சில் சிங்கிளாக வந்த பதிப்பு வேறு. எதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

ஜப்பானிலும் இந்தக் குற்றச்சாட்டு எழுந்ததுண்டு. ஆனால் எழுதி இசையமைத்த மகிஹாரா நோரியுகி சும்மா இருக்கச் சொல்லவில்லை. அவரவர் பூவை மலர வைப்பதில் முழு மூச்சாக இறங்கு என்கிறார். அமிதாப சூத்திரத்தில் நீலத் தாமரை நீல ஒளியும் மஞ்சள் தாமரை மஞ்சள் ஒளியும் வீசும் என்று வருவதோடு இதை அங்குள்ள பௌத்தர்கள் ஒப்பிடுவதுண்டு. நீலம் மஞ்சளாக முயலாததற்குச் சோம்பல் என்று பெயரா?

அதே ஆசிரியை: அப்படியானால் 2016இல் ரசிகர்கள் அதே தட்டைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்பனையை 30 லட்சத்துக்குத் தள்ளியது ஏன்?

நன்றாக மாட்டிவிட்டீர்கள். குழு கலையப் போகிறது என்று தெரிந்ததும் அவர்களால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். முதலிடம் வேண்டாத பாட்டை விற்பனைப் பட்டியலில் ஏற்றினார்கள். 2003 கடைசி இரவில், சிவப்பு அணியும் வெள்ளை அணியும் மோதும் கோஹாகு பாட்டுப் போட்டியில் நிறைவாகப் பாடப்பட்டதும் போட்டியே வேண்டாத இந்தப் பாட்டுதான். முரண்தான். ஆனால் அந்த 30 லட்சம் யாரையும் முந்த அல்ல, பிரியாதீர்கள் என்று கெஞ்ச. எண்ணிக்கையைக் கடிதமாக எழுதினார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பூ வியாபாரி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கடை முன்னால் வாளியில் நிற்கும் பூக்கள் சண்டை போடாமல் நிமிர்ந்து நிற்கின்றன என்கிறது பாட்டு. அவை போட்டியில் ஜெயித்து வந்தவை ஐயா. காம்பு வளைந்ததையும் இதழ் கருகியதையும் விடியற்காலையிலேயே கழித்துவிடுவோம்.

இருபது வருடமாக இந்தப் பாட்டைக் கேட்கிறேன், வாளிக்குப் பின்னால் ஒரு கழிவுக்கூடை இருக்கும் என்று நினைத்ததில்லை. ஆசிரியை வாதத்துக்குப் பதில் சொன்னேன், உங்களுக்கு முடியவில்லை.

கேள்வி: பூ வியாபாரி சொல்வது எந்தப் பதிப்பை?

இரண்டிலும் வாளி உண்டு.

கேள்வி: ஸ்மாப் என்றால் என்ன சுருக்கம்?

முதல் கேள்வியைப் படியுங்கள். ஐயா, கருகியதைக் கழித்த பிறகு என்ன செய்வீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.